முதலில் எதைக் கட்டுவது?

கம்ப்யூட்டரில் நகரம் கட்டி விளையாடும் பழக்கம் உள்ளவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். எந்த வொண்டரை முதலில் கட்டுவது? ஒருவன் பிரமிட் என்பான். இன்னொருவன் பெரிய நூலகம் என்பான். நாகர்கோவில் பக்கத்து ஹாஸ்டல் என்றால் மூன்றாவதாக ஒருத்தன் நடுவில் புகுந்து, "லேய் மக்கா, ஒரு மண்ணும் கெட்டாத. மொதல்ல சோத்துக்கு வழியப் பாரு" என்று சொல்லி இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்வான்.

இந்தக் கட்டுரை அந்த மூன்றாவது ஆளின் கட்சி. (முழுசாக இல்லை. அவன் எங்கே தப்பு என்பது பின்னால் வரும்.)

கேம் ஆடாதவர்களுக்குச் சின்ன விளக்கம். 1991-ல் சிட் மேயர் வெளியிட்ட சிவிலைசேஷன் வகை ஆட்டங்களில் ஒரு நகரம் ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் செய்ய முடியும். களஞ்சியம், சந்தை, மதில் மாதிரி சாதாரணக் கட்டடங்களை எல்லா ஊரிலும் கட்டலாம். வொண்டர் அப்படி இல்லை. உலகத்துக்கே ஒன்றுதான். கட்டி முடிக்க ரொம்ப நாளாகும். அதற்குள் பக்கத்து நாட்டுக்காரன் முடித்துவிட்டால் போட்ட உழைப்புக்குக் கொஞ்சம் தங்கம் ஆறுதலாகக் கிடைக்கும், அவ்வளவுதான். 1999-ல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ல் கதை வேறு. ஆயிரம் மரம், ஆயிரம் கல், ஆயிரம் தங்கம் கொட்டி ஒரு வொண்டர் எழுப்பி, எதிரி இடிக்காமல் குறிப்பிட்ட காலம் காப்பாற்றினால் ஜெயித்த மாதிரி. அந்தக் கட்டடத்தால் வேறு பிரயோஜனம் எதுவும் கிடையாது. சும்மா நிற்கும். அழகாக நிற்கும்!

சண்டை முழுக்க இந்த இரண்டு எண்ணங்களுக்கு நடுவேதான். ஒவ்வொரு டர்னிலும் எதையாவது தந்துகொண்டே இருக்கும் கட்டடம் ஒரு பக்கம். நின்று பெயர் வாங்கித் தரும் கட்டடம் இன்னொரு பக்கம். நெட்டில் தேடினால் இதற்கு ஏகப்பட்ட அட்டவணைகள் கிடைக்கும், எதற்கு எத்தனை புள்ளி, எத்தனை டர்ன் என்று. அதையெல்லாம் விட நல்ல உதாரணம் ஒன்று கண்ணுக்கு எதிரே கிடக்கிறது. கன்னியாகுமரி மாவட்டம். குறிப்பாக நாஞ்சில் நாடு. ஆயிரம் வருடத்துக்கு மேலாக, கை மாறிக் கை மாறி ஆடப்பட்ட ஒரே ஆட்டம். யார் எதை முதலில் கட்டினார்கள், அது என்ன ஆனது என்பதைப் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

ஆட்டத்தின் தொடக்கத்தில் எந்த இடம் கிடைக்கிறது என்பதிலேயே பாதி முடிவாகிவிடும். நாஞ்சில் நாட்டுக்குக் கிடைத்த இடம் வெளியிலிருந்து பார்த்தால் யோகம் அடித்த மாதிரி இருக்கும். வடக்கே மலை, தெற்கே கடல், வருடத்துக்கு இரண்டு பருவமழை. ஆனால் மலைக்கும் கடலுக்கும் நடுவே தூரமே கிடையாது. பெய்த மழை நின்று யோசிக்காமல் கடலுக்கு ஓடிவிடும். அதிலும் பெரிய ஆறுகளான கோதையாறும் பரளியாறும் ஒன்று சேர்ந்து குழித்துறை வழியாக மேற்கே போய் தேங்காப்பட்டினத்தில் கடலில் விழுகின்றன. நெல் விளையும் சமவெளியோ கிழக்கே, தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம். அங்கே ஓடுவது பழையாறு. சின்ன ஆறு. நாஞ்சில் என்ற சொல்லுக்கே கலப்பை என்று பொருள். கலப்பை இருக்கிறது, வயல் இருக்கிறது, தண்ணீர் மட்டும் மலைக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது.

இந்த மேப்பைப் பார்த்தவுடன் என்ன செய்ய வேண்டும் என்று தோன்றாதவன் கேம் ஆடவே லாயக்கில்லை. மேற்கே போகிற தண்ணீரைக் கிழக்கே திருப்ப வேண்டும்.

அதைத்தான் செய்தார்கள். பரளியாற்றின் குறுக்கே பாண்டியன் அணை. அங்கிருந்து மேட்டை வெட்டிக் கொண்டுபோன பாண்டியன் கால், தண்ணீரைப் பழையாற்றில் சேர்க்கிறது. எந்திரம் இல்லாத காலத்து வேலை. பிறகு பதினெட்டாம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்மா காலத்தில் அதே பரளியாற்றில் புத்தன் அணை வந்தது. பத்மநாபபுரத்துக்கு அங்கிருந்துதான் தண்ணீர். 1897-ல் ஸ்ரீமூலம் திருநாள் ஆட்சியில் கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணை வேலை தொடங்கி 1906-ல் முடிந்தது. ஒன்பது வருடம், அந்தக் காலத்திலேயே சுமார் 26 லட்சம் ரூபாய். கட்டிய பொறியாளர் அலெக்சாண்டர் மிஞ்சின். ஊர்க்காரர்கள் வாயில் அவர் மூக்கன் துரை. அவருடைய சமாதியும் அணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1950-களின் தொடக்கத்தில், திருவிதாங்கூர்-கொச்சி மாநிலமாக இருந்த சமயத்தில், பரளியாற்றில் பெருஞ்சாணி அணை. பிறகு சிற்றாறு அணைகள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், யாரும் பழையதை இடித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கவில்லை. பேச்சிப்பாறைத் தண்ணீர் கால்வாய் வழியாக வந்து பரளியாற்றில் சேர்ந்து, புத்தன் அணையைத் தொட்டு, பாண்டியன் காலில் ஏறித்தான் நாஞ்சில் வயலுக்குப் போகிறது. பாண்டியன் வெட்டிய கால்வாய் இல்லையென்றால் மிஞ்சினின் அணைக்கு இவ்வளவு பயன் இருந்திருக்காது. மிஞ்சினின் அணை வந்த பிறகு பாண்டியன் காலுக்கே மதிப்பு கூடியது. சிவிலைசேஷன் 6 ஆடியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். பக்கத்து கட்டத்தில் எது இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அதில் ஒரு கட்டடத்தின் பலன். நீர்ப்பாலம் கட்ட வேண்டுமென்றால் ஒரு பக்கம் ஊர், மறுபக்கம் ஆறோ ஏரியோ மலையோ இருந்தே ஆகவேண்டும். ஆசைப்பட்ட இடத்தில் வைக்க முடியாது.

நீர்ப்பாலம் என்றவுடன் மாத்தூர் வந்தாக வேண்டும். திருவட்டாறு பக்கம், பரளியாற்றின் மேலே ஒரு மலையிலிருந்து எதிர் மலைக்குக் கால்வாயைத் தூக்கிக்கொண்டு போகிற தொட்டிப்பாலம். 28 தூண்கள். 115 அடி உயரம். மேலே ஏழடி ஆழத் தொட்டியில் தண்ணீர் ஓட, பக்கத்திலேயே மனிதர் நடக்க வழி. காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது உருவான திட்டம், 1966-ல் பயன்பாட்டுக்கு வந்தது. அப்போது அவர் அந்தப் பதவியில் இல்லை. 1963-லேயே விலகியிருந்தார். கட்டுமான வரிசையில் போட்டுவிட்டு ஆட்டத்தை இன்னொருவர் கையில் கொடுத்த மாதிரி. வந்தவர்கள் அதை வரிசையிலிருந்து தூக்காததே பெரிய விஷயம்.

இன்று மாத்தூருக்கு டூரிஸ்ட் வேன் வருகிறது, அன்னாசிப்பழம் வெட்டிக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன, பாலத்தின் நடுவில் நின்று கீழே பார்த்துத் தலை சுற்றி உட்கார்ந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதை வரைந்த யாரும் சுற்றுலாவை நினைத்திருக்க மாட்டார்கள். கல்குளம், விளவங்கோடு பக்கத்து மேட்டு நிலங்களுக்குத் தண்ணீர் போக வேண்டும், நடுவில் பள்ளத்தாக்கு இருக்கிறது, அவ்வளவுதான் கணக்கு. சோற்றுக்கு வழி பார்த்ததே வொண்டர் ஆகிவிட்டது. மூன்றாவது ஆளுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இனி கோட்டை. ஸ்ட்ராடஜி கேம் ஆடும் பையன்கள் பெரும்பாலும் முதலில் ஓடுவது இதற்குத்தான். 1741-ல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது. பிடிபட்ட டி லனாய், பிறகு அதே ராஜாவின் படைக்குப் பயிற்சி கொடுக்கும் தளபதியாக மாறினார். (எதிரியின் வீரனைப் பிடித்துத் தன் பக்கம் சேர்த்துக்கொள்ளும் வசதி எல்லா கேமிலும் இருப்பதில்லை!) புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டையை அவர் மேற்பார்வையில் பலப்படுத்தினார்கள். உள்ளே பீரங்கி வார்க்கும் பட்டறை வேறு. அந்த நேரத்தில் அது சரியான முடிவுதான். எதிரி கப்பலில் வந்து இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகு மதில் கட்டாமல் நெல் நட்டுக்கொண்டிருக்க முடியாது. நமது மூன்றாவது ஆள் தப்பு செய்யும் இடம் இது. அவன் எப்போதும் களஞ்சியம்தான் கட்டுவான். முப்பதாவது டர்னில் குதிரைப்படை வந்து களஞ்சியத்தோடு அள்ளிக்கொண்டு போகும்.

ஆனால் கோட்டைக்கு ஆயுள் குறைவு. 1809-ல் வேலுத்தம்பி தளவாயின் கலகத்தை அடக்க கம்பெனிப் படை ஆரல்வாய்மொழி வழியாக உள்ளே வந்தபோது, உதயகிரி பெரிதாகச் சண்டை எதுவும் போடாமலே கைக்குப் போய்விட்டது. குளச்சல் போரிலிருந்து எண்ணினால் 68 வருடம். இன்று அது பல்லுயிர்ப் பூங்கா. மான் பார்க்கலாம், டி லனாயின் கல்லறையைப் பார்க்கலாம். அதே ராஜா காலத்துப் புத்தன் அணையில் இன்றைக்கும் தண்ணீர் ஓடுகிறது.

அரண்மனை விஷயம் இன்னும் வேடிக்கை. பத்மநாபபுரம் 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம். அந்த வருடம் தலைநகரைத் திருவனந்தபுரத்துக்கு மாற்றினார்கள். மர வேலைப்பாடும் கண்ணாடி மாதிரி மின்னும் கறுப்புத் தரையுமாக அவ்வளவு பார்த்துப் பார்த்துக் கட்டியது, ஆள் இல்லாத அரண்மனை ஆனது. 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஊர் இங்கே வந்தது, அரண்மனை நிர்வாகம் அங்கேயே நின்றுவிட்டது. இன்றைக்கும் பத்மநாபபுரம் அரண்மனையைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறைதான். நகரம் ஒருவர் கையில், வொண்டர் இன்னொருவர் கையில். இப்படி ஒரு விதியை எந்த கேம் டிசைனரும் எழுதத் துணியமாட்டார். கேரளத்துக்காரர்கள் அதை நன்றாகவே வைத்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கோயில்களைப் பற்றிப் பேசும்போதுதான் கேம்கள் எவ்வளவு சுலபமாகத் தப்பித்துக்கொள்கின்றன என்று தெரிகிறது. சிவிலைசேஷன் 6-க்கு 2019-ல் வந்த விரிவாக்கத்தில் நம்ம மதுரை மீனாட்சி அம்மன் கோயிலே வொண்டராக இருக்கிறது. கட்டினால் போதும், பலன் வந்துவிடும். கோயில் என்றால் மக்களுக்கு மகிழ்ச்சி, இத்தனை புள்ளி. எந்த மக்களுக்கு என்று கேம் கேட்பதே இல்லை.

சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலை எடுத்துக்கொள்ளலாம். 134 அடி உயர ராஜகோபுரம், தட்டினால் இசை எழும்பும் தூண்கள், 18 அடி ஆஞ்சநேயர். மாவட்டத்தின் பழைய வொண்டர் எது என்று கேட்டால் பாதிப் பேர் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்கே ஊரில் பெரும்பாலானோருக்கு அனுமதி இல்லாத காலம் ஒன்று இருந்தது. உள்ளே போவதை விடுங்கள், தெருவில் நடக்க! அதற்காக 1926-ல் சுசீந்திரம் சத்தியாகிரகம் நடந்தது. டாக்டர் எம்.இ. நாயுடு முன்னின்றார். 1936 நவம்பர் 12-ல் சித்திரைத் திருநாள் மகாராஜா ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியிட்ட பிறகுதான் கதவு திறந்தது.

கட்டுமானக் கணக்கில் பார்த்தால் அந்த நாளில் ஒரு செங்கல் கூட வைக்கப்படவில்லை. செலவு ஒரு காகிதம், கொஞ்சம் மை. அதோடு பத்து வருடப் போராட்டம், அடி உதை, சிறை. ஆனால் திருவிதாங்கூரில் அதுவரை கட்டிய அத்தனை கோயில்களின் பலனும் ஒரே நாளில் பல மடங்கு ஆகிவிட்டது. எந்தச் சிறப்புக் கட்டடத்தை முதலில் கட்டுவது என்று மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள், ஏற்கனவே நிற்கிற கட்டடத்துக்குள் யார் யாரை விடவில்லை என்று முதலில் பார்ப்பது லாபம்.

பள்ளிக்கூடத்தையும் ஆஸ்பத்திரியையும் இந்த இடத்தில்தான் வைக்க வேண்டும். 1806-ல் வந்த ரிங்கல்தௌபே 1809-ல் மைலாடியில் தொடங்கிய பள்ளியிலிருந்துதான் பின்னாளில் நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி வந்தது. நெய்யூரில் 1838-ல் மருத்துவப் பணி தொடங்கியது. எவரெஸ்ட்டில் ஏறப் போன சாமர்வெல் என்ற டாக்டர், 1922 பயணம் முடிந்து ஊர் சுற்ற வந்தவர், நெய்யூர் ஆஸ்பத்திரிக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு லண்டன் வேலையை வேண்டாமென்று சொல்லி இங்கேயே வந்துவிட்டார். கோயில் தெருவில் நடக்க முடியாதவர்களின் பிள்ளைகளும் இந்தக் கட்டடங்களுக்குள் போக முடிந்தது. இந்த மாவட்டம் படிப்பில் முன்னால் நிற்பதற்கு யார் காரணம் என்று சண்டை போடுகிறவர்கள் போடட்டும். நூலகத்தைச் சீக்கிரம் கட்டினால் பின்னால் எல்லாம் சுலபம் என்ற கேம் விதி இங்கே அப்படியே பலித்தது.

முடியாமல் போனவையும் உண்டு. 1860-ல் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா காலத்தில் ஏ.வி.எம். கால்வாய் தொடங்கியது. அனந்தன், விக்டோரியா, மார்த்தாண்டன் என்று சாமி பெயர், ராணி பெயர், ராஜா பெயர் மூன்றையும் சேர்த்து வைத்த பெயர். திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை படகில் போகலாம் என்பது கனவு. கால்வாய் கன்னியாகுமரிக்கு வந்து சேரவே இல்லை. வெட்டிய வரைக்கும் பல இடங்களில் தூர்ந்து கிடக்கிறது. பெயர் வைப்பதில் காட்டிய அக்கறையை வெட்டுவதில் காட்டியிருக்கலாம்.

அடுத்தது துறைமுகம். 2016 ஜூலையில் குளச்சல் அருகே இனயத்தில் பெரிய சரக்குப் பெட்டகத் துறைமுகம் கட்ட மத்திய அமைச்சரவை கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்தது. மதிப்பீடு 27,570 கோடி. கடற்கரை கிராமங்கள் கொதித்து எழுந்தன. வீடு போகும், வலை விரிக்கும் இடம் போகும் என்ற பயம். பிறகு இடத்தைக் கோவளம், மணக்குடி பக்கம் மாற்றிப் பார்த்தார்கள். அங்கேயும் அதே எதிர்ப்பு. இதற்கு நடுவே எல்லைக்கு அந்தப் பக்கம் விழிஞ்ஞத்தில் 2015 டிசம்பரிலேயே வேலை தொடங்கி, 2025 மே 2-ல் திறப்பு விழாவும் நடந்துவிட்டது. சிவிலைசேஷன் ஆடியவர்களுக்கு அந்தத் திரை ஞாபகம் வரும்: "அந்த அதிசயத்தை வேறொரு நாகரிகம் கட்டி முடித்துவிட்டது." ஆனால் இதைத் தோல்வி என்று எழுதுவது அவசரம். பத்து வருடம் பின்னால் ஓடி, பக்கத்து வீட்டுக்காரன் கட்டியதையே இன்னொன்று கட்டுவதற்காக மீனவர் ஊர்களைக் காலி செய்வது நல்ல ஆட்டம் இல்லை. வரிசையிலிருந்து ஒன்றை எடுப்பதும் ஆட்டம்தான்.

இப்போது எல்லோரும் எதிர்பார்க்கும் இடத்துக்கு வரலாம். முனையில், கடலுக்குள் நிற்கும் இரண்டு பாறைகள்.

விவேகானந்தர் பாறை நினைவு மண்டபம் 1970 செப்டம்பர் 2-ல் திறக்கப்பட்டது. ஏக்நாத் ரானடே ஊர் ஊராக அலைந்து சாதாரண ஜனங்களிடம் ஒரு ரூபாய், இரண்டு ரூபாயாகவும் திரட்டியது அந்தப் பணத்தில் உண்டு. வள்ளுவர் சிலைக்கு 1979-ல் அடிக்கல், 1990-ல் வேலை, 2000 ஜனவரி 1-ல் திறப்பு. கணபதி ஸ்தபதியின் கைவேலை. பீடம் 38 அடி அறத்துக்கு, சிலை 95 அடி பொருளுக்கும் இன்பத்துக்கும், மொத்தம் 133. அடிக்கல்லிலிருந்து திறப்பு வரை 21 வருடம். ஆட்சி மாறும்போதெல்லாம் வரிசையில் மேலே கீழே போய்வந்த வொண்டர்.

சிலை நின்றது. ஆனால் பல நாள் அங்கே போக முடியவில்லை. கடல்மட்டம் தாழ்ந்தால் படகு விவேகானந்தர் பாறையோடு திரும்பிவிடும். அவ்வளவு தூரம் வந்தவர்கள் வள்ளுவரைத் தூரத்திலிருந்து பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். 2024 டிசம்பர் 30-ல் இரண்டு பாறைகளையும் இணைத்துக் கண்ணாடிப் பாலம் திறந்தார்கள். 77 மீட்டர் நீளம், 37 கோடி ரூபாய்.

கண்ணாடிப் பாலத்தைக் கிண்டல் செய்கிறவர்கள் நிறைய. செல்பி எடுக்க ஒரு பாலமா என்று கேட்கிறார்கள். கண்ணாடி தேவையா என்பது வேறு கேள்வி. பாலம் தேவைதான். ஏற்கனவே பெருஞ்செலவில் கட்டி, பாதி நாள் பயன்படாமல் கிடந்த ஒன்றை முழுசாகப் பயன்படுத்த வைக்கும் சின்ன இணைப்பு அது. பேச்சிப்பாறைத் தண்ணீரைப் பாண்டியன் காலில் சேர்த்த அதே புத்தி. முனையில் சங்கு மாலை விற்கிறவர், லாட்ஜ் பையன், படகு ஓட்டுகிறவர் எல்லோருக்கும் அதில் ஒரு டர்னுக்கு இவ்வளவு என்று வரும்படி உண்டு. நினைவுச்சின்னம் என்றாலே வீண் என்று நமது மூன்றாவது ஆள் சொன்னால் அவன் கன்னியாகுமரிக்கு சீசனில் வந்ததில்லை என்று அர்த்தம்.

கோபம் வர வேண்டிய இடம் வேறு. அதற்கு இன்னொரு கேமைச் சொல்ல வேண்டும். 1998-ல் வந்த சீசர் 3. ரோமானிய நகரம் கட்டும் ஆட்டம். அதில் நீர்த்தேக்கம் கட்டி, நீர்ப்பாலம் வழியாக ஊருக்குள் தண்ணீர் கொண்டுவந்தால்தான் வீடுகள் வளரும். அதோடு முடியாது. எஞ்சினியர் நிலையம் என்று ஒன்று வைத்து, அவர்கள் தெருத்தெருவாக நடந்துகொண்டே இருக்க வேண்டும். அவர்கள் கால் படாத தெருவில் கட்டடங்கள் ஒருநாள் பொலபொலவென்று இடிந்துவிழும். சிவிலைசேஷனில் கட்டிய வொண்டர் இரண்டாயிரம் வருடமானாலும் ஒழுகாது. சீசர் 3-தான் நிஜத்துக்குப் பக்கம்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள் உண்டு. அணையில் நிற்கும் தண்ணீரை வயல் வரைக்கும் கொண்டு சேர்ப்பது இவைதான். மழையில் நிறைந்து, கால்வாயில் வந்ததை வாங்கி வைத்து, அடுத்த குளத்துக்கு விடுவது. சுசீந்திரம்-தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022-ல் ராம்சார் பட்டியலில் ஏறின. வெளிநாட்டுப் பறவை வருகிற உலக மதிப்பு பெற்ற நீர்நிலைகள். அவை இயற்கையாக வந்த ஏரிகள் இல்லை, பாசனத்துக்காக மனிதர் கரை போட்டவை. இப்படிப்பட்ட குளங்களில் பல ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கின்றன. சிலவற்றை ஊடறுத்துத்தான் நான்கு வழிச்சாலை போனது. கால்வாய்களில் கரை எது, குப்பை எது என்று தெரியாத இடங்கள் உண்டு.

தண்ணீர் கடைமடைக்கு வரவில்லை என்றால் ஒருவர் கன்னிப்பூவை விடுவார், அடுத்த வருடம் கும்பப்பூவையும் விடுவார். மூன்றாவது வருடம் வயலில் சிவப்புக் கொடி நட்டுப் பிளாட் போடுவார்கள். அவரைக் குறை சொல்ல முடியாது, மகளுக்குக் கல்யாணம் வைத்திருப்பார். ஆனால் ஒரு வயல் வீட்டுமனை ஆன பிறகு, பேச்சிப்பாறையின் 48 அடியும் அந்தக் கட்டத்துக்கு ஒன்றும் தராது. அணை இடியவில்லை, மாத்தூர் தூண்கள் 28-ம் நிற்கின்றன, பலன் மட்டும் கட்டம் கட்டமாகக் குறைகிறது. வொண்டரை எதிரி இடிக்க வேண்டியதே இல்லை. அது தண்ணீர் தரும் வயல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டால் போதும்.

தூர் வாருவதற்குத் திறப்பு விழா கிடையாது. ரிப்பன் வெட்ட முடியாது, கல்வெட்டில் பெயர் வராது. வாரிய மண்ணை இரண்டு மழை திரும்பக் கொண்டுவந்து போட்டுவிடும், மறுபடி வார வேண்டும். ஆகவே கட்டுமான வரிசையில் அது எப்போதும் கடைசியில் நிற்கும், மேலே புதிதாக ஒன்று வந்தால் இன்னும் ஒரு படி இறங்கும். வருடாவருடம் ஜூன் பக்கம் கன்னிப்பூவுக்கு அணை திறப்பார்கள். பூத்தூவிப் போட்டோ எடுப்பார்கள். மழை நன்றாகப் பெய்த வருடங்களில் அன்றைய பேப்பரில் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி நீர்மட்டம் போட்டிருக்கும் மூலையைப் பார்த்தால் எண்கள் நிறைவாகவே இருக்கும். சில நாள் கழித்து உள்பக்கத்தில் சின்னதாக இன்னொரு செய்தி வரும், கடைமடைக் குளத்துக்கு இன்னும் தண்ணீர் வந்து சேரவில்லை என்று.